காய்ந்த எண்ணெயும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

அடுப்பில் வாணலி, எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கிறது. கழுவிய கரண்டியைத் துடைக்காமல் உள்ளே விட்டால் படபடவென்று வெடித்துக் கை, முகமெல்லாம் தெறிக்கும். சுட்டது எண்ணெய், திட்டு வாங்குவது தண்ணீர். அதே சொட்டு ஆறிப்போன எண்ணெயில் விழுந்திருந்தால் சத்தமே இல்லாமல் அடியில் போய்த் தங்கியிருக்கும்.

பருவகால அலர்ஜியும் இப்படித்தான். சீமைக்கருவேலம் பூக்கும் நாட்களில் அதன் மகரந்தம் தெருவில் எல்லோர் மூக்கிலும் ஏறுகிறது. பக்கத்து வீட்டாருக்கு ஒன்றும் ஆவதில்லை. என் அக்காவுக்கோ விடிந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கு ஒழுகல். அவள் மூக்கில் எண்ணெய் ஏற்கெனவே காய்ந்திருக்கிறது. மூக்கின் உள்தோலில் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அந்த மகரந்தத்தை முன்பே பார்த்துப் பகைத்துக்கொண்ட ஐஜிஇ என்ற எதிர்பொருள் அவற்றின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறது. மகரந்தம் வந்து தொட்டவுடன் செல்லிலிருந்து ஹிஸ்டமின் தெறிக்கிறது. தும்மலும் அரிப்பும் அந்தத் தெறிப்பு பட்ட சூடு.

எந்த மருந்து இதில் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

செட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரைகள் கையில் சுற்றிக்கொள்ளும் துணி. எண்ணெய் தெறிக்கத்தான் செய்யும், தோலில் படாது. ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அவை முன்னதாகவே பிடித்துக்கொள்கின்றன. சுட்டபின் துணி சுற்றுவதைவிட, சுடுவதற்கு முன்பே சுற்றிக்கொள்வது நல்லதல்லவா? பழைய குளோர்பெனிரமின் மூளைக்குள்ளும் போய்த் தூக்கத்தை இழுத்து வரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது, தண்ணீர்தான் சரி. ஆனால் மூக்கடைப்பு என்று வந்துவிட்டால் மாத்திரைக்கு அவ்வளவு பலம் போதாது.

அதற்கு அடுப்பைத் தணிக்க வேண்டும். ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்களின் வேலை அதுதான். தீயைக் குறைத்த உடனே எண்ணெய் ஆறிவிடாது. இந்த ஸ்பிரேயும் முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நாளே ‘ஒண்ணும் கேட்கலை’ என்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து விடுகிறவர்களும் உண்டு. இது மூக்கிலேயே வேலை செய்யும் சிறிய அளவு. உடம்பில் கலப்பது மிகக் குறைவு.

அடிக்கும் விதம்தான் முக்கியம். புட்டியைக் குலுக்கி, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும். மெதுவாக உறிஞ்சினால் போதும். தொண்டையில் கசந்தால் பலமாக இழுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

அக்கா ஏமாந்தது சொட்டு மருந்தில். பால் பொங்கும்போது வாயால் ஊதினால் சட்டென்று தணியும். ஊதுவதை நிறுத்தினால் மறுபடி மேலே வரும். சைலோமெட்டாசோலின் சொட்டு அந்த ஊதல். வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். அவளோ நான்கு மாதம் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைத்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது கரண்டியைத் துடைப்பது போல. ஒட்டிய மகரந்தம் போய்விடும். ஆனால் கொதிக்க வைத்து ஆற்றிய நீரில்தான் கழுவ வேண்டும். குழாய் நீரை அப்படியே விடுவது, அரிதாக என்றாலும், மூளையைத் தின்னும் அமீபாவுக்கு வழி திறந்துவிடுவதாகும். மான்டெலுகாஸ்ட் என்று ஒரு மாத்திரையும் உண்டு. அதைச் சாதாரண மூக்கு அலர்ஜிக்கு முதலிலேயே எடுக்க வேண்டாம். மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது.

இத்தனையிலும் எண்ணெயின் குணத்தையே மாற்றுவது ஒன்றுதான். குழந்தைக்குக் காரம் பழக்குவதை நினைத்துப் பாருங்கள்: முதலில் வெறும் பருப்புச் சோறு, பிறகு தெளிந்த ரசம் ஒரு கரண்டி, அப்புறம்தான் மண்டி. அலர்ஜி தரும் பொருளையே நுண்ணிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுக்கிறார்கள். 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்ததில் தொடங்கிய வழி இது. உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். இங்கே பழகுவது நாக்கு இல்லை. ஐஜிஇயை முந்திக்கொண்டு மகரந்தத்தைப் பிடிக்கும் வேறு எதிர்பொருள்களை உடம்பு செய்யக் கற்கிறது. எந்த மகரந்தம் என்று தோல் பரிசோதனையில் உறுதியான பிறகே தொடங்குவார்கள். மூன்று முதல் ஐந்து வருடம் பிடிக்கும். நிறுத்தின பிறகும் பலன் பல வருடம் நிற்கும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும், கடும் எதிர்வினை வந்தால் உடனே கவனிக்க. ஆஸ்துமா அடங்காதவர்களுக்கு இது கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கும் சொட்டும் மாத்திரையும் உண்டு.

அக்கா இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. மருத்துவர் சொன்னபடி ஸ்பிரேயைத் தொடங்கி, சொட்டு மருந்தை முதலில் இடது மூக்கில் மட்டும் நிறுத்தினாள். நான்கைந்து ராத்திரி ஒரு பக்கமாகவே மூச்சு விட்டுத் தவித்தாள். போன வாரம் இடது மூக்கு திறந்துவிட்டது. அடுத்தது வலது.