வெள்ளம் சூழும் வேளையில் யாரிடம் கேட்பது?



2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரின் தென்கோடியாகிய கொலாபாவிலோ 100 மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. ஆகவே தென்மும்பை அலுவலகங்களில் இருந்த அநேகர், வடக்கே தங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருப்பதை அறியாமலே மாலை ரயிலுக்குப் புறப்பட்டனர். ரயில்கள் ஓடவில்லை. பல இடங்களில் கைப்பேசிகளும் செயலற்றுப்போயின. ஜனங்கள் தண்டவாளத்தின்மேல் இரவெல்லாம் நடந்தார்கள்.

புறநகர்களில் மின்சாரம் நிறுத்தப்பட்டதால் தொலைக்காட்சியும் இல்லை. திருநெல்வேலியில் இருந்த உறவினர் திரையில் கண்டதை, தண்ணீருக்குள் நின்றவர் காணக்கூடவில்லை. செய்தி மிகவும் தேவைப்பட்டவருக்கே செய்தி எட்டவில்லை என்பது எத்தனை விசித்திரம்!

அந்த வெற்றிடத்தில் வதந்தி நுழைந்தது. ஜூலை 28 அன்று, ஜுஹு பகுதியிலுள்ள நேரு நகரில், அணை உடைந்துவிட்டது என்றும் சுனாமி வருகிறது என்றும் ஒரு கூக்குரல் எழும்பிற்று. குறுகிய சந்துகளில் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினர். 15-க்கும் மேற்பட்டோர் மிதிபட்டு மாண்டனர்; அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. அணை உடையவில்லை, சுனாமியும் வரவில்லை. ஆனால் 2004 டிசம்பர் சுனாமி நடந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் மித்தி ஆற்றில் வரும் என்பதையும் நகரத்தார் அறிவர். எனவே அவர்களை அறிவீனர் என்று நான் சொல்லமாட்டேன்.

எச்சரிக்கையைக் கேட்டவுடன் மனிதன் ஓடுவதில்லை; முதலாவது அண்டை வீட்டாரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு உறுதிசெய்கிறான் என்று பேரிடர்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அறிந்தவரை விட்டு, நம்பிக்கைக்குரியவரிடம் போகிறோம். இன்று வாட்ஸ்அப்பிலும் அப்படியே. "பாஸ்டர் சொன்னார்" என்று வரும் செய்தியையும் தயவுசெய்து விசாரியுங்கள்! யார் கண்டது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? இம்மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அனுப்பாதிருங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது, மீட்கப்பட்டுவிட்டவர்களுக்காக உதவி கேட்கும் பழைய செய்திகளும் சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றில் தேதியும் நேரமும் இல்லை.

நம்மவருக்கு இன்னொரு இடறலும் உண்டு. ஒலிபெருக்கி அறிவிப்பு மராத்தியிலோ இந்தியிலோ வருகிறது. ஊரிலிருந்து பிள்ளைகளோடு தங்க வந்த வயதான தாயாருக்கு அது விளங்காது. பகலில் வீட்டில் தனித்திருக்கும் அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழில் எடுத்துச்சொல்ல ஒவ்வொரு சாலிலும் ஒருவரை மழைக்கு முன்பே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மும்பை மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916. அழைக்கும்போது அருகிலுள்ள அடையாளம், உள்ளே இருப்போரின் எண்ணிக்கை, தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, நடக்க இயலாதோர் உண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். கைப்பேசி அணைந்துபோனால் எண்ணும் போய்விடும். ஆகையால் அதைக் கதவின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் இருக்கட்டும்.

கடலில் ஓதம் உயரும் நேரத்தில் கனமழை பெய்தால் வடிகால்களிலிருந்து நீர் வெளியேறாது. ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்னரே வெளியிடுகிறது. சமையலறை நாட்காட்டியில் அந்த நாட்களைச் சுற்றி வட்டமிட ஐந்து நிமிடம் போதும்.