கொல்லைப்புறத்தின் கணக்கு

காவிரிப் படுகை கிராமங்களில் கொல்லை இல்லாத வீட்டை ஒரு காலத்தில் காண்பது அரிது. கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கையும் அகத்தியும், கூரைமேல் பரங்கி அல்லது சுரைக்கொடி, வாசலை ஒட்டி நந்தியாவட்டையும் செம்பருத்தியும், துளசி மாடம் என்பதே அவ்வீடுகளின் பொது அமைப்பு. இன்று அதே கிராமங்களில் கொல்லைப்புறம் சிமென்ட் தளமாகிவிட்டது. நகரத்து மொத்தச் சந்தையில் ஏலம்போன கத்தரிக்காய், சரக்கு ஆட்டோவில் ஏறி, ஒலிபெருக்கி அறிவிப்போடு விளைநிலங்களுக்கு நடுவே உள்ள வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் மன்னார்குடிக்கு அருகே உள்ள என் பூர்விக வீட்டில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் நிலத்தில் நானும் என் மனைவியும் பூச்செடிகள், மூலிகைகள், காய்கறிகள் ஆகியவற்றை வளர்த்து வருகிறோம். பார்க்க வரும் பழைய மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, 'இதில் என்ன சார் லாபம்?' என்பதுதான். பொருளாதாரம் கற்பித்தவனிடம் கேட்கப்படும் நியாயமான கேள்வி அது. அதற்குப் பொருளாதாரத்தின் மொழியிலேயே விடை கூற முயல்கிறேன்.

நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதில் காய்கறி 300 கிராம் எனக் கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 438 கிலோ தேவை. கிலோவுக்குச் சராசரியாக 40 ரூபாய் என வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு 17,520 ரூபாய். இத்தேவையில் பாதியைத் தோட்டம் தருமானால், மிச்சமாவது 8,760 ரூபாய்.

இனி, செலவு. நாளுக்கு ஒரு மணி நேர உழைப்பு என்றால் ஆண்டுக்கு 365 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால் ஏறத்தாழ 45 நாள்கள். நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்தாலும் 13,500 ரூபாய் ஆகிறது. விதை, வேலி, தண்ணீர் ஆகியவற்றைச் சேர்க்காமலேயே தோட்டம் நஷ்டத்தில் ஓடுகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால், அந்தக் கணக்கு எவற்றை விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, விலை. விவசாயிக்குக் கிடைக்கும் விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் இடையே சுமைகூலி, தரகு, போக்குவரத்து, அழுகல் கழிவு, சில்லறை வியாபாரியின் வரவு ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. கொல்லையில் பறிக்கும் காய்க்கு இவை எதுவும் இல்லை. எனவே, அக்குடும்பத்தைப் பொருத்தவரை அக்காயின் மதிப்பு சில்லறை விலைதான். ஆனால், நம் நுகர்வுச் செலவு ஆய்வுகளில் வீட்டில் விளைந்ததை உண்டால் அது பண்ணை விலையில்தான் மதிப்பிடப்படுகிறது. தேசிய அளவில் அது சரியான முறையாக இருக்கலாம். குடும்பம் உண்மையில் மிச்சப்படுத்தும் தொகையை அது குறைத்தே காட்டுகிறது.

இரண்டாவது, இடர்ப்பாடு. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே தக்காளியைப் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் சாலையோரம் கொட்டிய ஆண்டுகளும் உண்டு. விலை ஏறுவதற்குக் காரணமான மழையும் வெயிலும் என் தோட்டத்துத் தக்காளியையும் விட்டுவைப்பதில்லை. ஆனால், தோட்டத்தில் ஒரு பயிர் மட்டும் இருப்பதில்லை. தக்காளி பொய்த்தால் புளிச்சக்கீரை இருக்கிறது. கீரை மழையில் அழுகினால் பந்தலில் அவரை இருக்கிறது. முதலீட்டைப் பல இடங்களில் பிரித்து வைக்க வேண்டும் என்று வகுப்பறையில் நான் நடத்திய பாடத்தை, எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் கொல்லையில் கடைப்பிடித்து வந்தனர்.

காலத்தையும் அவர்கள் அவ்வாறே பிரித்து வைத்தனர். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, பகற்பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் காய்த்துத் தள்ளும். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். முருங்கை பல ஆண்டுகள் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் களிமண் நிலத்தில் நீர் தேங்கும் என்பதால், அதற்கு முன்பே மேட்டுப்பாத்தி அமைத்துவிட வேண்டும். இந்தப் பட்டங்களை அறிந்து விதைத்தால், ஆண்டின் பெரும்பாலான நாள்களில் ஏதேனும் ஒரு காயோ கீரையோ கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, உடல்நலம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. இதற்குக் காரணங்கள் பல. கீரை மட்டுமே இதைத் தீர்த்துவிடாது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்றுக்கொள்வதும் இல்லை. ஆனால், வைட்டமின் சி நிறைந்த நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் ஏற்கும் அளவு கூடுகிறது. முருங்கைக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சை நிற்கும் கொல்லைக்கு அந்த வகையிலும் பொருள் உண்டு. பறித்த கீரை வாட வாட அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். பறித்த அரை மணி நேரத்தில் அடுப்பில் ஏறும் கீரைக்குச் சந்தையில் விலை கிடையாது. ஏனெனில், அப்படியொரு சரக்கே சந்தையில் இல்லை.

பூக்கள் எதற்கு என்று கேட்போரும் உண்டு. பரங்கி, பூசணி, பாகல் போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. பின்னர் வரும் பெண் பூ காயாக வேண்டுமெனில், மகரந்தத்தைத் தேனீ சுமந்து வர வேண்டும். வேலியோரம் பூச்செடிகள் இருந்தால்தான் தேனீ நம் கொல்லையைத் தேடி வரும். துலுக்கச் சாமந்தியின் வேர்களில் உள்ள வேதிப்பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கட்டுப்படுத்துகிறது. கத்தரிக்கும் தக்காளிக்கும் இடையே அதை நடுவது அழகுக்காக மட்டும் அல்ல.

துளசி, ஓமவல்லி, தூதுவளை, ஆடாதொடை போன்றவை மருத்துவருக்கு மாற்று அல்ல. ஆனால், சாதாரண சளிக்குத் தூதுவளை ரசம் வைக்கும் வழக்கம், செடி கைக்கெட்டும் தொலைவில் இருந்தால்தான் தொடரும். செடி மறைந்தால் அதன் பயனும், சில ஆண்டுகளில் அதன் பெயரும் மறைந்துவிடும்.

பூச்சிக்கும் உரத்துக்கும் பெரும் செலவு தேவையில்லை. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பெரும்பாலான இலைதின்னிப் பூச்சிகள் கட்டுப்படும். காய்கறிக் கழிவும் சாணமும் எருவாகின்றன. பாத்திரம் கழுவும் நீர் வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. சிமென்ட் தளமிட்ட வீடுகளில் அதே கழிவுநீர் தெருவில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்தால் தோட்டத்தின் கணக்கு நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு மாறக்கூடும். ஆனால், உழைப்பு என்ற வரி இன்னும் மீதமிருக்கிறது. காலை ஆறு மணிக்கு நான் செலவிடும் ஒரு மணி நேரத்தை யாரும் கூலி கொடுத்து வாங்கப் போவதில்லை; எனவே, அதன் மாற்றுச் செலவு ஏறத்தாழ சுழியம் என்று நான் வாதிடலாம். ஓய்வூதியம் பெறும் ஒருவருக்கு அந்த வாதம் பொருந்தும். வயல் வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்து, அதன் பின் கொடிக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்ணுக்கு அது பொருந்தாது. அவருடைய ஒரு மணி நேரம் உறக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது.

ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்ற விந்தையைப் பொருளாதார அறிஞர் பிகு 1920-இல் வெளியான நூலில் சுட்டிக்காட்டினார். கொல்லையில் உள்ள முரண் அதைவிட நுட்பமானது. பன்னாட்டுக் கணக்கு முறைப்படி, வீட்டுத் தேவைக்காக விளைவிக்கும் காய் தேசிய உற்பத்தியில் சேர்க்கத் தக்கது. ஆனால், நம் வேலைவாய்ப்பு ஆய்வுகளில் வீட்டு வேலை செய்பவராகப் பதிவாகும் பெண், தோட்டத்தையும் பேணுபவராக இருந்தாலும் தொழிலாளர் படைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். புடலங்காய் கணக்கில் உண்டு. பந்தல் போட்ட கைக்குக் கணக்கில் இடமில்லை.

எனவே, ஊட்டச்சத்துத் தோட்டங்களை ஊக்குவிக்கும் அரசுத் திட்டங்களை வரவேற்கும் அதே வேளையில் ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. விதைப் பொட்டலம் இலவசம். அதை முளைக்கவைக்கும் நேரம் யாருடையது? தண்ணீர் எடுக்க நடக்க வேண்டிய வீட்டில் விதை மட்டும் கொடுத்தால், ஊட்டச்சத்தின் பெயரால் பெண்ணின் சுமை கூடும். விதையோடு வீட்டருகே தண்ணீர், ஆடு மாடு நுழையாத வேலி, பழுதின்றி முளைக்கும் நாட்டு விதை ஆகியவையும் கிடைக்க வேண்டும். ஐந்து குடும்ப உறுப்பினர்களுக்கு 5 சென்ட், அதாவது சுமார் 200 சதுர மீட்டர், போதும் என்பது வேளாண் துறையினரின் கணிப்பு. அரை சென்ட்கூட இல்லாத குடும்பங்களுக்குப் பள்ளி வளாகத்திலோ ஊராட்சி நிலத்திலோ ஒரு பாத்தி ஒதுக்க முடியும். அனைத்துக்கும் மேலாக, வீட்டிலுள்ள ஆண்கள் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று கேட்டு ஒரு நூலே எழுதினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரும் கொல்லை, அக்கேள்விக்கு ஒரு சிறிய விடை. இருக்கும் இடத்தில் ஒரு முருங்கைக் கம்பை ஊன்றுவதற்கு மூலதனம் தேவையில்லை. ஆனால், அதற்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதை ஒவ்வொரு வீடும் முதலில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.