உப்பும் சீனியும்

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்றிடலில் கல்லடி உப்போடை என்றோர் ஊர் உண்டு. அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கு உழைத்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி அமைந்த இடமும் அதுவே. உப்பின் இயல்பை ஆராய அவ்வூரிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு குவளை நன்னீரில் உப்பையும், மற்றொன்றிற் சீனியையும் கரைத்தால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. மின்கலத்தோடும் சிறு மின்குமிழோடும் தொடுத்த இரு கம்பிகளை உப்புநீரில் அமிழ்த்தினாற் குமிழ் ஒளிரும், சீனிநீரில் ஒளிராது. காரணம் யாது?

சோடியம் அணுவின் புறவோட்டில் ஓர் இலத்திரனே உண்டு. குளோரீனுக்கு எட்டு நிரம்ப ஒன்று குறைவு. முன்னது கொடுக்கப் பின்னது கொள்கிறது. கொடுத்தது நேரேற்றமும், கொண்டது எதிரேற்றமும் பெற்று அயன்களாகி ஒன்றையொன்று கவர்கின்றன. இதுவே அயன் பிணைப்பு. உப்புப் பளிங்கில் ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்து நிற்கும். அதனாலேயே உப்பை உருக்க 801 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும்.

சீனியிலோ கொடுத்தலும் கொள்ளலும் இல்லை. காபன், ஐதரசன், ஒட்சிசன் அணுக்கள் நாற்பத்தைந்து, இலத்திரன்களைச் சோடி சோடியாகப் பங்கிட்டு ஒரு மூலக்கூறாகின்றன. இது பங்கீட்டு வலுப் பிணைப்பு. நீரில் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியுமேயன்றி உடைவதில்லை. மின்னைச் சுமக்க ஏற்றமுள்ள துகள் அங்கு இல்லை.

நீரும் பங்கீட்டு வலுச் சேர்வையே. ஆயினும் பங்கீடு என்றாற் சமபங்கு என்று கொள்ளற்க; குடும்பச் சொத்துப் பிரிவினையைக் கண்டோர்க்கு இது புதிதன்று. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் நீர் மூலக்கூறு ஒருபுறம் சிறிது எதிராகவும் மறுபுறம் சிறிது நேராகவும் இருக்கும். அதனாலன்றோ அது உப்பின் அயன்களைச் சூழ்ந்து பிரித்தெடுக்கிறது!

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மணற்றிடலைக் கடந்தபோது கிணறுகள் உவர்நீராயின. கொதிக்கவைத்தால் நீரே ஆவியாகும். உப்பு எஞ்சிச் செறியும். விரைந்து இறைத்துத் தீர்க்கவும் இயலாது. நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். ஆய்வாளர்கள் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளந்தே உவரின் அளவைக் கணித்தனர். குவளையில் மின்குமிழ் காட்டியதும் அதனையே. மாரிமழை மண்ணிற் சுவற அயன்கள் படிப்படியாகக் கழுவப்பட்டன; அளவியின் எண்ணும் தாழ்ந்தது. எனினும் அக்கருவி அயன்களின் மிகுதியைச் சொல்லுமேயன்றி அவை எவை என்று சொல்லாது. அதற்கு இரசாயனப் பகுப்பாய்வே வேண்டும்.