ஓடாத மோட்டாரும் படுத்த மாடும்

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஏழாம் மாசத்துல இருந்தே சினை மாட்டுக்குக் கால்சியம் டானிக் தவறாம ஊத்துனேனுங்க. அப்படியும் கன்னு போட்ட அன்னைக்கே மாடு படுத்துக்கிச்சு. ஏனுங்க?"

தவறாமல் ஊற்றியதுதான் சிக்கல், அம்மணி.

மாட்டின் ரத்தத்தில் சுற்றிவரும் கால்சியம் ஏறக்குறைய 3 கிராம்தான். ஈன்ற அன்று 10 லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராம் போல வெளியேறிவிடும். ரத்தத்தை மாடித் தொட்டி என்று வையுங்கள். எலும்பு போர்வெல், அங்கே கிலோக்கணக்கில் கால்சியம் கிடக்கிறது. தொட்டி மட்டம் இறங்கியதும் மோட்டாரைப் போட்டுவிடும் ஆள், கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி. சினையின் கடைசி மாதங்களில் டானிக்கும் குதிரைமசாலுமாகக் குழாய்த் தண்ணீர் தடையில்லாமல் வந்தால் அந்த ஆளுக்கு என்ன வேலை? மோட்டார் துருப்பிடிக்கிறது. கல்யாண நாள், பந்தி போட்டாயிற்று, சுவிட்சைத் தட்டினால் உர்ரென்று உறுமுகிறது; தண்ணீர் ஏறவில்லை. சூடுபிடிக்க ஓரிரு நாளாகும். மடி அதுவரை பொறுக்காது.

மோட்டார் நன்றாயிருந்தும் வோல்டேஜ் இல்லாமல் போவதும் உண்டு. எருவும் உரமும் தாராளமாகப் போட்டு வளர்த்த கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தைக் காரப்பக்கம் சாய்த்துவிட்டால், சுரப்பி அனுப்பும் ஹார்மோனின் பேச்சு எலும்பிலும் சிறுநீரகத்திலும் எடுபடாது. (எர்த் ஒயர் எது என்று கேட்காதீர்கள்.)

வரலாறு ஒரு பத்திக்கு மேல் தாங்காது. ஈன்றதும் மாடு படுக்கும் இந்த நோய்க்கு 'பால் காய்ச்சல்' என்ற பெயரே பிழை. காய்ச்சலே இருக்காது, காது சில்லிட்டிருக்கும். 1897-இல் டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் ஸ்மிட் மடிக்குள் மருந்து ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் வெறும் காற்றை அடித்தார்கள், சைக்கிள் பம்பால்கூட! மடி உப்பிப் பால் ஊறுவது நின்றது. பல மாடுகள் எழுந்தன. கால்சியம்தான் காரணம் என்று புரிய 1920-கள் ஆயிற்று.

மோட்டாருக்குத் திரும்புவோம்: சினையின் கடைசி மூன்று வாரம் நேப்பியரையும் மசாலையும் குறைத்துச் சோளத்தட்டைக் கூட்டுங்கள். மூன்றாம் ஈத்து தாண்டிய ஜெர்சி கலப்பு என்றால் கூடுதல் கவனம். கால்சியத்தின் முறை ஈன்ற பிறகுதான். டானிக் பாட்டிலில் துள்ளும் மாட்டுக்கும் உங்கள் கட்டுத்தரைக்கும் சம்பந்தமில்லை.

கருப்பை சுருங்கவும் கால்சியம் வேண்டும். குறைந்தால் பிரசவம் இழுத்துக்கொண்டே போய், கன்று துவண்டு விழும். அந்தக் கன்றுக்குச் சீம்பால் அவசரம்: மாட்டின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கன்றுக்குக் கடத்தாது, எல்லாம் சீம்பாலில்தான். அதை உள்ளே விடும் குடல் கதவும் 24 மணி நேரத்தில் சாத்திக்கொள்ளும். "நஞ்சு விழட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தாய் படுத்திருந்தால் 25 கிலோக் கன்றுக்கு வேண்டிய இரண்டரை லிட்டரை மட்டும் கறந்து ஊட்டுங்கள். மடியை ஒட்டக் கறக்க வேண்டாம்.

படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மருத்துவர் ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றும்போது விலா நடுங்கும், ஏப்பம் வரும், சாணி போடும், பிறகு பின்னங்காலை ஊன்றி எழும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். "சீக்கிரம் ஏத்துங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.