தொகுதி மக்கள் விரும்பியபடி எம்.பி. வாக்களிக்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

புதுதில்லி: கடந்த 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பஞ்சாப் விவசாயிகள் சாலைகளில் இறங்கிப் போராடிக் கொண்டிருந்தனர். அவை அவசரச் சட்டங்களாகப் பிறப்பிக்கப்பட்டபோது ஆதரித்த சிரோமணி அகாலி தளம், எதிர்ப்பின் வேகத்தைக் கண்டு நிலைப்பாட்டை மாற்றிக் கொண்டது. பதிண்டா தொகுதி உறுப்பினர் ஹர்சிம்ரத் கௌர் பாதல், செப்டம்பர் 17-இல் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அதே பஞ்சாபில் பாஜக சார்பில் வென்றிருந்த இரு மக்களவை உறுப்பினர்களோ கட்சியின் பக்கமே நின்றனர்.

தொகுதி மக்களின் குரல் அவைக்குள் கேட்டது உண்மை. ஆனால், அதற்கு முதலில் ஒரு கட்சி மனம் மாற வேண்டியிருந்தது. தனியொரு உறுப்பினர் அவ்வாறு மாறுவது எளிதல்ல.

காரணம், 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை. கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு எதிராக வாக்களித்தாலும், வாக்கெடுப்பைப் புறக்கணித்தாலும், உறுப்பினர் பதவியை இழக்க நேரிடலாம். முன் அனுமதி பெற்றிருந்தாலோ, 15 நாள்களுக்குள் கட்சி மன்னித்தாலோ மட்டுமே விலக்கு. தொகுதி மக்களின் விருப்பத்துக்கு எதிராக வாக்களித்தால் இத்தகைய தண்டனை ஏதுமில்லை. வாக்காளர் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இச்சட்டம் காரணமின்றி வரவில்லை. 1967-இல் ஹரியாணா எம்.எல்.ஏ. கயா லால் அடுத்தடுத்துக் கட்சி மாறியது தேசிய அளவில் கேலிப்பொருளானது. கட்சித் தாவல்களால் மாநில அரசுகள் கவிழ்ந்த காலம் அது. எனினும், ஆட்சியைக் கவிழ்ப்பதைத் தடுக்க வந்த விதி, ஆட்சிக்கு எந்த ஆபத்தும் இல்லாத சாதாரண மசோதாக்களுக்கும் பொருந்துவதுதான் விவாதத்துக்குரியது.

நம்பிக்கை வாக்கெடுப்புகளுடன் இதை நிறுத்திக் கொள்ளலாம் என 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் 1992-இல் சட்டத்தை உறுதி செய்த உச்சநீதிமன்றமும், ஆட்சியின் நிலைத்தன்மை அல்லது கட்சி வாக்காளர்களிடம் முன்வைத்த முக்கியக் கொள்கை தொடர்பான வாக்கெடுப்புகளுக்கே தகுதிநீக்கம் பொருந்த வேண்டும் என்றது. அட்டவணையின் வாசகம் அதற்கேற்பத் திருத்தப்படவில்லை.

உறுப்பினர் என்பவர் தொகுதியின் தூதர் மட்டுமல்லர், தம் அறிவைக் கொண்டு முடிவெடுக்க வேண்டியவர் என்ற வாதமும் பழைமையானது. 1774-இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடமே அதைச் சொன்னவர் எட்மண்ட் பர்க். இந்தியாவில் ஒரு மக்களவைத் தொகுதியில் சராசரியாக 17 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருக்கும் நிலையில், அவர்கள் அனைவரின் விருப்பம் எதுவென அறிவதும் கடினமே. ஆனால், கொறடா உத்தரவு பர்க் கேட்ட சுதந்திரத்தையும் உறுப்பினருக்குத் தருவதில்லை. அவ்வகையில் எந்தக் கட்சியையும் சாராத சுயேச்சைகளே அவையில் சுதந்திரமானவர்கள்.

இதில் அதிகம் பேசப்படாத மற்றொன்றும் உண்டு: வாக்குப் பதிவு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. மாநிலங்களவையில் 2020 செப்டம்பர் 20-இல் எதிர்க்கட்சிகள் வாக்குகளை எண்ணக் கோரியும் வேளாண் மசோதாக்கள் அவ்வாறே நிறைவேற்றப்பட்டன. அவற்றை ரத்து செய்யும் மசோதாவும் 2021 நவம்பர் 29-இல் இரு அவைகளிலும் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. யார் எப்படி வாக்களித்தார் என்று ஒரு விவசாயி அவைக் குறிப்புகளில் தேடினால், அங்கே பெயர்கள் இல்லை.