‘என்பிஎம் ஸ்டார்ட்’ என்ன செய்கிறது?

செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று சாதாரணதரம், உயர்தரம் படிக்கும் வயதினர். அவர்களுள் கணனி கற்கும் ஒருவர் கறுப்புத் திரையில் ‘என்பிஎம் ஸ்டார்ட்’ என்று தட்ட, ஒரு யன்னல் திறந்து செயலி ஓடத் தொடங்கும். வீட்டில் இருப்பது ஒரே கணனி என்றால், மீளப்பெற்ற காணி உறுதியின் பிரதியும் அதற்குள்தான் இருக்கும். ஆகவே அந்த இரு சொற்களும் என்ன செய்கின்றன என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

குளத்துத் துருசைத் திறக்கும்படி வட்டவிதானைக்குச் சொன்னால் போதும். எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் என்பது கூட்டத்தில் முன்னரே முடிவாகியிருக்கும். என்பிஎம்மும் இவ்வாறே. பிறர் எழுதிய நிரல் துண்டுகளைக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தும் கருவி அது. ‘ஸ்டார்ட்’ என்றதும், அந்தக் கோப்புறையிலுள்ள பக்கேஜ்.ஜேசன் என்ற கோப்பைத் திறந்து, ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் ஸ்டார்ட்டுக்கு நேரே எழுதியிருப்பதை அப்படியே செய்கிறது. ‘ப்ரீஸ்டார்ட்’ என்றொரு வரி இருந்தால் அதுவே முதலில் ஓடும்.

அங்கே பெரும்பாலும் ‘எலெக்ட்ரோன்’ என்ற சொல்லும் ஒரு புள்ளியும் இருக்கும். புள்ளி என்றால் ‘இந்தக் கோப்புறை’. எலெக்ட்ரோன் அதே பக்கேஜ்.ஜேசனில் ‘மெயின்’ எனக் குறித்த கோப்பை ஓட்டும். அக்கோப்பு ஒரு யன்னலைத் திறந்து, இணையப்பக்கம் போல எழுதிய பக்கத்தை அதில் காட்டும். பக்கம் கணனியிலேயே இருப்பதால் ஓடுவதற்கு இணையம் வேண்டியதில்லை. துண்டுகளை இறக்கும் ‘என்பிஎம் இன்ஸ்டோல்’ கட்டளைக்கே டேட்டா செலவாகும்.

2013இல் கிட்ஹப் நிறுவனத்தில் வேறு பெயரில் தொடங்கிய எலெக்ட்ரோன், 2015இல் இப்பெயரைப் பெற்றது. அது குரோமியம் உலாவியையே உள்ளே சுமந்து வருவது. நெல் விற்ற கணக்கு எழுத ஒரு முழு உலாவியா என்று கேட்டால், எமக்கும் அது மிகையாகவே படுகிறது. ஆனால் இணையப்பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளை வேறு மொழி கற்காமலே செயலி செய்துவிடலாம்.

ஆபத்து இனித்தான். அந்த வரியில் எது எழுதியிருந்தாலும், கணனியைப் பாவிப்பவரின் முழு உரிமையோடு அது ஓடும். உங்கள் கோப்புகளை வாசிக்கலாம், வெளியே அனுப்பலாம். இறக்கும்போதே தானாக ஓடும் வரிகளும் உண்டு. 2018 யூலையில் ‘இஎஸ்லின்ட்-ஸ்கோப்’ என்ற பிரபலமான துண்டின் ஒரு பதிப்பில் அப்படியொரு வரியை யாரோ புகுத்தி, இறக்கியவர்களின் நுழைவுச் சாவிகளைத் திருட முயன்றனர். ஆகவே தெரியாதவர் தந்த கோப்புறையென்றால், இன்ஸ்டோல் செய்யுமுன்பே பக்கேஜ்.ஜேசனை நோட்பாட்டில் திறந்து ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத நீண்ட வரியோ இணைய முகவரியோ இருந்தால், ஆசிரியரிடம் காட்டும்வரை ஓட்ட வேண்டாம். இறங்கும் துண்டுகளின் தானியங்கி வரிகளைத் தடுக்க, இன்ஸ்டோல் கட்டளையுடன் ‘--இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சேர்க்கலாம். சில துண்டுகள் அப்போது முழுமையாக இறங்கமாட்டா.

‘மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட்’ என்று திரை சொன்னால் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் வரி எழுதப்படவில்லை, அல்லது பிள்ளை வேறு கோப்புறைக்குள் நிற்கிறது. எலெக்ட்ரோனைக் காணவில்லை என்றால், பெரும்பாலும் இன்ஸ்டோல் இன்னும் செய்யப்படவில்லை.