பக்கத்தில் உட்கார்ந்தே பேரெடுத்தவர்

ஐப்பசி மாதக் கடைசியில் கல்பாத்தித் தேர். பாலக்காட்டுப் பக்கம் பிழைப்புக்கு வந்த நம்மவர்களில் அதைப் பார்க்காதவர் குறைவு. விஸ்வநாதசுவாமி கோயில் தேர் அக்ரகாரத் தெருக்களில் அசைந்து வரும். தேரையொட்டிச் சங்கீத விழாவும் உண்டு. கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பாடுகிறவர் பெயர் தெரியும். மிருதங்கம் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

பக்கவாத்தியக்காரர் நிலை எப்போதும் அப்படித்தான். நோட்டீசில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில், மிருதங்கம் அடியில் சிறிய எழுத்தில். மேலதிகாரி கையெழுத்துப் போட, அழகாகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு இது நன்றாகவே புரியும். அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் டிக்கெட் வாங்கும்படி செய்த ஒருவர் இந்த மண்ணில் வளர்ந்தார். அவர்தான் பாலக்காடு மணி ஐயர்.

1912 ஜூன் 10-ம் தேதி, பழையன்னூரில் பிறந்தார். இயற்பெயர் ராமசுவாமி. தகப்பனார் சேஷம் பாகவதர் பாட்டுக்காரர். முதல் பாடம் சாத்தபுரம் சுப்பையரிடம். சாத்தபுரம் எங்கே என்று பாலக்காட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, கல்பாத்தியை ஒட்டிய அக்ரகாரம். பிற்பாடு தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் போய்ச் சேர்ந்தார். தஞ்சாவூர் வழியின் நுணுக்கமெல்லாம் அங்கேதான் கைக்கு வந்தது.

பையனைச் சென்னை மேடைக்குக் கொண்டு போனவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரரான செம்பை, சின்னப் பையன் என்று பார்க்காமல் பெரிய சபைகளில் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். திறமை இருந்தால் மட்டும் போதாது, இப்படிக் கைதூக்கிவிட ஒருவரும் வேண்டும். ஊரைவிட்டு ஊர் வந்து வேலை தேடிய யாருக்கும் அது தெரியும்.

<b>பாட்டோடு பேசிய மிருதங்கம்</b>

அவர் அப்படி என்ன புதிதாகச் செய்தார்? தாளம் தவறாமல் தட்டிக்கொண்டு போய், தனி ஆவர்த்தனத்தில் கைவரிசை காட்டுவது ஒரு வழி. மணி ஐயர் கீர்த்தனைக்கே வாசித்தார். சங்கதி வளரும்போது கூட வளர்ந்து, பல்லவி திரும்பும் இடத்தை முன்கூட்டியே அழகு செய்வார். இடந்தலையில் கும்கி கொடுத்து நாதத்தைக் கனக்க வைப்பார். எல்லாவற்றையும்விட, வாசிக்காமல் விடவேண்டிய இடம் அவருக்குத் தெரியும். அந்த மௌனத்துக்குப் பிறகு விழும் ஒரு சொல்லுக்குச் சபை தலையசைக்கும். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி என்று பாணி ஒன்றுக்கொன்று ஒட்டாத வித்வான்களுக்கெல்லாம் வாசித்தார். ஒவ்வொருவர் பாட்டுக்கும் ஏற்றபடி வாசிப்பை மாற்றிக்கொண்டார் என்பதுதான் விசேஷம்.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1942-ல் தொடங்கியது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது கிடைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் வாங்கியவர் மணி ஐயர். அதற்கு முந்தின ஆண்டு எடின்பரோ விழாவில் இன்னொரு பாலக்காட்டுக்காரரான கே.வி. நாராயணசுவாமிக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார். 1971-ல் பத்மபூஷண். பின்வரிசைக்கு இருக்கை கிடைத்தது என்று மற்ற மிருதங்கக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பிடிவாதக்காரர். ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்று, மைக் வைத்த கச்சேரிகளுக்கு வாசிப்பதில்லை என ஒரு காலத்தில் உறுதியாக நின்றார். வருமானம் போனாலும் போகட்டும் என்ற அந்தத் துணிவை மெச்சலாம். ஆனால் பெண்கள் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்று நெடுநாள் இருந்ததை மெச்ச முடியாது. அக்காலத்துப் பெரிய வித்வான்கள் பலரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது சமாதானமாகாது. பின்னாளில் மகள் லலிதாவை டி.கே. பட்டம்மாளின் மகனுக்குக் கொடுத்தார். சம்பந்தியான பட்டம்மாளுக்கு வாசித்தார். பாடகி நித்யஸ்ரீ மகாதேவன் அந்தத் தம்பதியின் மகள்.

<b>பின்வரிசைக்கும் பின்னால்</b>

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை குறைப்பட்டுப் போகும். மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்து கொடுத்தவர், தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து. பலாமரக் கட்டையைக் கடைவது, தோலைப் பதம் பார்த்து மூட்டுவது, வலந்தலையில் கரணை இடுவது எல்லாம் அவர் கைவேலை. நாதம் இப்படி வேண்டும் என்று இவர் கேட்பார். அவர் செய்து பார்ப்பார். சரியில்லையென்றால் பிரித்துப்போட்டு மறுபடியும் செய்வார். மாட்டுத் தோல் தொடும் தொழில் என்பதால் இந்தத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபைகளில் பேரும் கிடையாது, இருக்கையும் கிடையாது. டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் இவர்கள் கதை விரிவாக வந்தது. நோட்டீசின் சிறிய எழுத்தில்கூட இடம் பெறாதவர்கள் இவர்கள்.

கடைசிக் காலத்தில் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த மணி ஐயர், 1981 மே 30-ம் தேதி காலமானார். பாலக்காடு ரகு முதலிய சீடர்கள் அந்த வழியைக் கொண்டு போனார்கள். பழைய ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அடுத்த தேருக்கு முன் ஒரு தடவை, பாட்டை விட்டுவிட்டு மிருதங்கத்தை மட்டும் காதில் வாங்கிக் கேட்டுப் பாருங்கள். பிறகு கல்பாத்திப் பந்தலில் உட்காரும்போது உங்கள் கண் பாடகரின் வலது பக்கம் போகும்.